கேம் பாய் ஹோம்ப்ரூ: எமுலேட்டர்ல ஓடுது, நிஜ மெஷின்ல கோளாறு (கூடவே கார்ட்ரிஜ் போர்டு பத்தின கேள்விகள்)

#1 பச்சைத்திரை

வணக்கம் மக்களே. ஒரிஜினல் கேம் பாய்க்கு, அதாவது 1989ல வந்த டிஎம்ஜி மாடலுக்கு, ஒரு பசில் கேம் எழுதிட்டு இருக்கேன். சொந்தமா பண்ற ஹோம்ப்ரூ தான், முழுக்க அசெம்பிளி, ஆர்ஜிபிடிஎஸ் (கேம் பாய்க்கான அசெம்ப்ளர் தொகுப்பு) வச்சு தான் பில்ட் பண்றேன். எமுலேட்டர்ல, அதாவது கம்ப்யூட்டர்ல கேம் பாய் மாதிரி நடிக்கிற சாஃப்ட்வேர்ல, அருமையா ஓடுது. இப்ப ஃப்ளாஷ் கார்ட் (நம்ம கேம ஏத்தி ஓட்டுற கார்ட்ரிஜ்) கைக்கு வந்துச்சு, நிஜ மெஷின்ல போட்டா மூணு பிரச்சனை.

ஆன் பண்ண உடனே டைட்டில் மேல கண்டபடி குப்பை ஸ்ப்ரைட் (தனியா நகர்ற சின்ன படம்) தெரியுது, கொஞ்ச நேரத்துல போயிடுது. அடுத்தது, லெவல் மாறும்போது புது டைல் (8க்கு 8 பிக்சல் படத்துண்டு) எல்லாம் காப்பி பண்றேன்ல, அதுல நடுநடுவுல சில வரி விட்டுப்போகுது, எழுத்தெல்லாம் ஓட்டை ஓட்டையா இருக்கு, அதுவும் ஒவ்வொரு தடவையும் வேற வேற இடத்துல. கடைசியா, ஆடிட்டு இருக்கும்போது எப்பவாச்சும் ஒரு ஸ்ப்ரைட் வேற எங்கயோ குதிச்சுட்டு திரும்ப வந்துடுது.

காண்டாக்ட்ட ஆல்கஹால் போட்டு துடைச்சாச்சு. மத்தவங்க எழுதுன ஹோம்ப்ரூ எல்லாம் அதே கார்ட்ல நல்லா தான் ஓடுது. எங்க பாக்கணும்?

#2 எச்பிளாங்க்

கார்ட்ல எதுவும் இல்ல ப்ரோ, மூணுமே கோடு தான். நல்ல விஷயம் என்னன்னா மூணுக்கும் காரணம் தெளிவா இருக்கு, ஒவ்வொண்ணா சொல்றேன்.

முதல் பிரச்சனை. பவர் போட்டதும் உள்ள இருக்கிற 256 பைட் பூட் ரோம் வீடியோ ரேமை மட்டும் தான் துடைக்கும். ஒர்க் ரேம் 8 கேபி, ஓஏஎம் (ஸ்ப்ரைட் விவரம் இருக்கிற மெமரி) 160 பைட், எச்ரேம் (சிபியூ உள்ள இருக்கிற சின்ன ரேம்), இதெல்லாம் ஆன் ஆகும்போது என்ன குப்பை இருந்துச்சோ அப்படியே உங்க கோடுகிட்ட வந்து சேரும். நிறைய எமுலேட்டர் எல்லாத்தையும் சைபரா வச்சு குடுக்கும், அதனால அங்க தெரியாது. ஸ்டார்ட்ல எல்சிடி ஆஃப் பண்ண கையோட ஓஏஎம் முழுசையும் சைபர் பண்ணுங்க, வேரியபிள் எல்லாத்தையும் நீங்களே செட் பண்ணுங்க.

ஒண்ணு ஞாபகம் வச்சுக்கோங்க, எல்சிடிய விபிளாங்க் நேரத்துல, அதாவது ஒரு ஃப்ரேம் வரைஞ்சு முடிச்சு அடுத்தது ஆரம்பிக்கிற இடைவெளியில, மட்டும் தான் ஆஃப் பண்ணணும். மத்த நேரத்துல பண்ணா பழைய மெஷினோட ஸ்க்ரீனுக்கே சேதம் வரலாம்னு பான் டாக்ஸ்ங்கிற கேம் பாய் வன்பொருள் கையேட்டுல எச்சரிக்கை போட்டிருக்கு. எமுலேட்டர்ல அது ஒண்ணுமே ஆகாது, நிஜ மெஷின்ல போச்சுன்னா போச்சு.

ரெண்டாவது தான் எல்லாருக்கும் வர்றது. ஸ்க்ரீன்ல ஒரு வரி வரையும்போது, அதாவது மோட் 3ல, வீடியோ ரேம் முழுக்க பிபியூ (படம் வரையிற பகுதி) கையில இருக்கும். அந்த நேரத்துல நீங்க எழுதுனா எழுதுனது காத்துல போயிடும், எர்ரர் கிர்ரர் எதுவும் வராது, படிச்சா எஃப்எஃப் (ஹெக்ஸ் எண், அதாவது 255) தான் வரும். உங்க காப்பி லூப் எந்த நொடியில மோட் 3க்குள்ள மாட்டுதோ அந்த பைட் காணாம போகுது, அதான் ஓட்டை தடவைக்கு ஒரு இடத்துல வருது.

மூணாவதுக்கு ஒரு கேள்வி. ஓஏஎம்முக்கு நேரடியா எழுதுறீங்களா, டிஎம்ஏ (வன்பொருளே தானா காப்பி பண்றது) மூலமாவா?

#3 பச்சைத்திரை

நேரடியா தான் அண்ணா. எச்எல் ரிஜிஸ்டர்ல ஓஏஎம் ஆரம்பிக்கிற எஃப்இ00 அட்ரஸ வச்சுட்டு எச்எல்+ போட்டு வரிசையா எழுதிட்டு போறேன். விபிளாங்க்ல ஆரம்பிக்குறேன், ஆனா ஸ்ப்ரைட் நிறைய இருந்தா முடியிறதுக்குள்ள விபிளாங்க் தாண்டிடுதுன்னு நினைக்கிறேன்.

#4 எச்பிளாங்க்

அப்ப அது ஓஏஎம் பக். டிஎம்ஜி சிப்லயே இருக்கிற வன்பொருள் கோளாறு. பிபியூ ஒவ்வொரு வரிக்கும் முன்னாடி ஓஏஎம்ம தேடிப் பாக்குற மோட் 2ல, 16 பிட் ரிஜிஸ்டர் ஒண்ணுல எஃப்இ00 முதல் எஃப்இஎஃப்எஃப் வரைக்கும் உள்ள அட்ரஸ் இருந்து அதை நீங்க இன்கிரிமென்ட், டிகிரிமென்ட் பண்ணாலே போதும், ஓஏஎம் உள்ள இருக்கிறது கலைஞ்சுடும். நீங்க அங்க எழுதவே வேணாம், எண்ணை ஏத்துனாலே கலையும். கேம் பாய் கலர்ல இந்த பக் கிடையாது.

தீர்வு எல்லாரும் பண்றது தான். ஒர்க் ரேம்ல ஒரு நிழல் ஓஏஎம் வச்சுக்கோங்க, 160 பைட், சி100 மாதிரி கடைசி ரெண்டு இலக்கம் சைபரா இருக்கிற அட்ரஸ்ல. கேம் லாஜிக் எல்லாம் அங்க எழுதட்டும். விபிளாங்க் வந்ததும் அந்த அட்ரஸோட மேல் பைட்ட எஃப்எஃப்46 ரிஜிஸ்டர்ல போட்டா டிஎம்ஏ தானா காப்பி பண்ணிடும். 160 மெஷின் சைக்கிள் ஆகும், அந்த நேரத்துல சிபியூ எச்ரேம தவிர எதையும் தொட முடியாது. அதனால அந்த சின்ன ரூட்டீன ஸ்டார்ட்லயே எச்ரேம் ஆரம்பிக்கிற எஃப்எஃப்80க்கு காப்பி பண்ணி அங்க இருந்து தான் ஓட்டணும். ஏ ரிஜிஸ்டர்ல 40 போட்டு சைபர் வர்ற வரைக்கும் குறைச்சுட்டே சுத்துறது, ஒரு சுத்துக்கு குறைக்க 1, ஜம்ப்புக்கு 3, ஆக 4 சைக்கிள், 40 சுத்துக்கு சரியா 160. அந்த கணக்கு பொருந்துறது எனக்கு இன்னைக்கும் பிடிச்ச விஷயம்.

#5 மஞ்சரி8பிட்

எச்பிளாங்க் அண்ணா சொன்னதோட ஒண்ணு சேர்க்கிறேன். விபிளாங்க்ல எவ்ளோ காப்பி பண்ண முடியும்னு ஒரு தடவ பேப்பர்ல கணக்கு போட்டு பாத்துடுங்க, அப்புறம் டிசைனே மாறிடும்.

மொத்தம் 154 வரி, அதுல 144 தான் தெரியும், மிச்சம் 10 வரி விபிளாங்க். ஒரு வரிக்கு 114 மெஷின் சைக்கிள், ஆக 1140. டிஎம்ஏவும் அதை கூப்பிடுற செலவும் போக 970 சொச்சம்னு வைங்க. பிசி (BC) ரிஜிஸ்டர் ஜோடிய கவுன்டரா வச்சு எழுதுற சாதா காப்பி லூப் பைட்டுக்கு 13 சைக்கிள் தின்னும், அப்ப 74 பைட் தான் வரும். ஒரு டைல் 16 பைட், ஆக ஒரு ஃப்ரேமுக்கு 4 டைல், அவ்ளோ தான். அதே லூப்ப விரிச்சு எழுதி, டெஸ்டினேஷன் 16 பைட் அலைன்மென்ட்ல இருக்கிறதால டிஇ ரிஜிஸ்டர் ஜோடிக்கு பதில் இ மட்டும் ஏத்துனா, பைட்டுக்கு 5 சைக்கிள், ஃப்ரேமுக்கு 12 டைல் வரைக்கும் போகலாம். அதே மெஷின், அதே நேரம், மூணு மடங்கு வேலை.

லெவல் மாறுறதுக்கு இவ்ளோ மல்லுக்கட்ட வேணாம், விபிளாங்க்ல எல்சிடி ஆஃப், எல்லாத்தையும் நிதானமா காப்பி, திரும்ப ஆன். ஒரு சின்ன வெள்ளை ஃப்ளாஷ் வரும், அந்த காலத்து கேம்லயும் அதே தான்.

அப்புறம் நீங்க எல்ஒய் ரிஜிஸ்டர (இப்ப எந்த வரின்னு சொல்றது) சுத்தி சுத்தி படிச்சு 144 வந்துச்சான்னு பாக்குறீங்கன்னா அதை விட்டுட்டு விபிளாங்க் இன்டரப்ட் போட்டு ஹால்ட்ல தூங்க வைங்க. பேட்டரி மிச்சமாகும், நிஜ மெஷின்ல ஆடுறவங்களுக்கு அது முக்கியம்.

#6 புதுசா_வந்தவன்

குறுக்க வந்ததுக்கு மன்னிக்கணும், இதெல்லாம் படிச்சா பயமா இருக்கு. நான் இப்ப தான் ஆரம்பிக்கணும்னு இருக்கேன். அசெம்பிளி தெரியாம கேம் பாய்க்கு கேம் பண்ண முடியாதா? கோடு எழுதாமலே கேம் பண்ற ஜிபி ஸ்டுடியோன்னு ஒண்ணு இருக்காமே, ஆனா அதுல பண்றது நிஜ ஹோம்ப்ரூ இல்லன்னு ஒருத்தர் சொன்னார்.

#7 மஞ்சரி8பிட்

தம்பி, அப்படி சொல்றவங்க பேச்ச கேக்காதீங்க. ஜிபி ஸ்டுடியோவ கிறிஸ் மால்ட்பி 2019ல வெளியிட்டார், அதுக்கப்புறம் தான் ஓவியம் வரையிறவங்க, கதை எழுதுறவங்க, மியூசிக் போடுறவங்க எல்லாம் இந்த மெஷினுக்குள்ள வந்தாங்க. அதோட என்ஜின் ஜிபிடிகே (கேம் பாய்க்கு சி மொழியில எழுதுற டூல் தொகுப்பு) மேல தான் நிக்குது, வெளிய வர்றது அசல் ரோம், நிஜ கார்ட்ல ஓடும். வேணும்னா என்ஜின் கோட வெளிய எடுத்து நீங்களே மாத்தலாம்.

பசில், ஷூட்டர் மாதிரி ஒவ்வொரு ஃப்ரேமும் கணக்கு நிறைய இருக்கிற கேம்னா ஜிபிடிகே2020, அது சி. மெஷினோட கடைசி சொட்டு வரைக்கும் புழியணும்னா ஆர்ஜிபிடிஎஸ். எதுல ஆரம்பிச்சாலும் டோபு டோபு கேர்ள்ங்கிற கேமோட சோர்ஸையும் மைக்ரோ சிட்டி சோர்ஸையும் ஒரு தடவ திறந்து பாருங்க, ரெண்டுமே ஓப்பன் சோர்ஸ். மைக்ரோ சிட்டி ஒரு முழு நகரம் கட்டுற கேம், கேம் பாய் கலருக்கு, முழுக்க அசெம்பிளி. 8 பிட் சிபியூவுல டிராஃபிக் சிமுலேஷன் எப்படி பண்றாங்கன்னு பாக்கவே அவ்ளோ ஆசையா இருக்கும்.

#8 எச்பிளாங்க்

அக்கா சொன்னத வழிமொழியிறேன். ஒரே ஒரு வேண்டுகோள், எந்த டூல் எடுத்தாலும் ரெண்டாவது வாரத்துலயே நிஜ மெஷின்ல போட்டு பாருங்க. கேம் முடிச்சுட்டு கடைசில போடுறவங்க தான் நொந்து போறாங்க, அப்ப கோளாறு எந்த மூலையில இருக்குன்னு தேடவே முடியாது. மெஷின் இல்லாத நாள்ல சேம்பாய் எமுலேட்டர் வச்சு ஓட்டுங்க, அது ஓஏஎம் பக்க கூட அப்படியே காட்டும். பிஜிபி எமுலேட்டர்ல எக்ஸெப்ஷன் செட்டிங்ஸ் போயி, இனிஷியலைஸ் பண்ணாத ரேம படிச்சா நிறுத்து, வீடியோ ரேம் பூட்டியிருக்கும்போது எழுதுனா நிறுத்துன்னு டிக் பண்ணி வைங்க. பச்சைத்திரையோட முதல் ரெண்டு பிரச்சனையும் அங்கயே பிடிபட்டிருக்கும்.

#9 பச்சைத்திரை

அப்டேட். நிழல் ஓஏஎம், டிஎம்ஏ, ஸ்டார்ட்ல துடைக்கிறது, லெவல் மாறும்போது எல்சிடி ஆஃப், எல்லாம் போட்டாச்சு. மூணும் சரியாயிடுச்சு, ரொம்ப நன்றி அண்ணா, அக்கா. ஸ்ப்ரைட் இப்ப ஆடாம அசையாம நிக்குது.

அடுத்த கட்டம். ஃப்ளாஷ் கார்ட்ல இல்லாம சொந்தமா ஒரு கார்ட்ரிஜ் போர்டு பண்ணி நண்பர்களுக்கு குடுக்கணும்னு ஆசை. கேம் மொத்தமே 32 கேபிக்குள்ள தான் இருக்கு. பழைய ஒரிஜினல் கார்ட்ரிஜ பிரிச்சு அதுல சிப்ப மாத்தலாம்னு சிலர் சொல்றாங்க, சரியா?

#10 ரோசின்புகை

தயவுசெஞ்சு ஒரிஜினல பிரிக்காதீங்க. அதுல இருக்கிறது மாஸ்க் ரோம், திரும்ப எழுத முடியாது, எடுத்து கடாச தான் முடியும். அந்த கேம் இனிமே அச்சாகப் போறது இல்ல, விளையாட்டு மொக்கையா இருந்தாலும் அது ஒரு பிரதி. புது போர்டு, புது ஷெல் ரெண்டுமே இன்னைக்கு ஈசியா கிடைக்குது.

32 கேபின்னா உங்களுக்கு எம்பிசி சிப்பே (பெரிய ரோம பகுதி பகுதியா மாத்தி காட்டுறது) வேணாம், இது மாதிரி சிம்பிளான சர்க்யூட் வேற எந்த கன்சோல்லயும் பாக்குறது கஷ்டம். கார்ட்ரிஜ்ல மொத்தம் 32 பின். 1 வந்து 5 வோல்ட், 32 கிரவுண்ட், 6 முதல் 21 வரைக்கும் அட்ரஸ் 16 லைன், 22 முதல் 29 வரைக்கும் டேட்டா 8 லைன். ஃப்ளாஷுக்கு 39எஸ்எஃப்010 எடுங்க, 5 வோல்ட் சிப், பிஎல்சிசி பேக்கேஜ். ஏ0 முதல் ஏ14 வரைக்கும் நேருக்கு நேர். கேம் பாயோட ஏ15 லைன சிப்போட சிஇக்கு (சிப்ப முழிக்க வைக்கிற பின்) குடுங்க, ரோம் ஏரியா 0000 முதல் 7எஃப்எஃப்எஃப் வரைக்கும்ங்கிறதால ஏ15 தாழ்வா இருக்கும்போது மட்டும் தான் சிப் முழிக்கணும், அதுக்கு தனியா டிகோடர் தேவையே இல்ல. ஆர்டி (படிக்கிற) லைன் ஓஇக்கு (டேட்டாவ வெளிய விடுற பின்). சிப்போட மிச்ச அட்ரஸ் பின் ரெண்டும் கிரவுண்டுக்கு. பக்கத்துலயே ஒரு 100 நானோ ஃபேரட் கபாசிட்டர். முடிஞ்சுது.

டபிள்யூஇ (எழுத அனுமதிக்கிற) பின்ன மட்டும் யோசிச்சு பண்ணுங்க. நேரா 5 வோல்ட்டுக்கு கட்டுனா சால்டர் பண்றதுக்கு முன்னாடியே ப்ரோகிராமர்ல எழுதிடணும், அப்புறம் மாத்த முடியாது. ஒரு ரெசிஸ்டர் போட்டு மேல இழுத்து விட்டு, 31வது பின்னுக்கு கனெக்ட் பண்ணா கார்ட் ரீடர் வழியா திரும்ப எழுதிக்கலாம். 31 ஆடியோ இன்புட் பின், கேம் பாய் அதுல எதுவும் அனுப்பாது, அதனால கேம் ஓடும்போது தப்பித்தவறி ஃப்ளாஷ்ல எதுவும் எழுதப்படாது. ஜிபிஎக்ஸ்கார்ட் மாதிரி ரீடர்ல இந்த ஆப்ஷன் இருக்கு.

போர்டு ஆர்டர் பண்ணும்போது தடிமன் 0.8 மில்லிமீட்டர்னு மாத்துங்க, டீஃபால்ட் 1.6ல விட்டுட்டா ஸ்லாட்ல ஏறாது, அமுக்கி ஏத்துனா கன்சோல் பின் வளைஞ்சு போகும். விரல் மாதிரி இருக்கிற காண்டாக்ட்டுக்கு தங்க முலாம் கேளுங்க, ஈயம் பூசுனது ஒவ்வொரு தடவை சொருகும்போதும் தேயும். ஷெல் ஸ்க்ரூவுக்கு 3.8 மில்லிமீட்டர் கேம்பிட் ஸ்க்ரூ டிரைவர்.

#11 விபிளாங்க்_வேலன்

இவ்ளோ மெனக்கெடணுமா? சந்தையில 3.3 வோல்ட் ஃப்ளாஷ் போட்ட ரெடிமேட் போர்டு மலிவா கிடைக்குது, லெவல் ஷிஃப்டர் (வோல்ட்ட மாத்தி குடுக்கிற சிப்) இல்லாம நேரா 5 வோல்ட் பஸ்ல தான் இருக்கு, நான் போட்டு ஓட்டிட்டு தான் இருக்கேன், ஒண்ணும் ஆகல.

#12 ரோசின்புகை

ஓடும் நண்பா, ஓடாதுன்னு சொல்லல. ஆனா அந்த சிப்போட டேட்டாஷீட்ல பின்னுல அதிகபட்சம் எவ்ளோ வோல்ட் வரலாம்னு ஒரு வரி இருக்கும், நீங்க தினமும் அதுக்கு மேல தான் குடுக்குறீங்க. இன்புட்ல இருக்கிற பாதுகாப்பு டயோடு வழியா கரன்ட் ஓடும், அது சிப்பையும் சூடாக்கும், அந்த கரன்ட்ட தள்ளுற கன்சோல் சிபியூவையும் சேத்து இழுக்கும். சிப் போனா மாத்திக்கலாம், சிபியூ போனா அந்த மெஷின் அவ்ளோ தான், அது 30 வருஷத்துக்கு மேல பழசு. நம்ம கேம காசு குடுத்தோ சும்மாவோ வாங்குறவங்க மெஷின்ல அதை சொருகப் போறோம், அப்ப 5 வோல்ட் சிப்போ, இல்ல முறையா ஷிஃப்டரோ போட்டு குடுக்கிறது தான் நியாயம். விலை வித்தியாசமும் பெருசு இல்ல.

#13 புதுசா_வந்தவன்

ஆன் பண்ணதும் மேல இருந்து இறங்குற நின்டெண்டோ லோகோ, அது நம்ம ரோம்லயும் இருக்கணுமாமே? அவங்க லோகோவ நாம போட்டா பிரச்சனை வராதா?

#14 எச்பிளாங்க்

இருந்தே ஆகணும். 0104 முதல் 0133 வரைக்கும் 48 பைட், அது அந்த லோகோவோட படம். பூட் ரோம் அதை கார்ட்ரிஜ்ல இருந்து படிச்சு ஸ்க்ரீன்ல இறக்கும், அப்புறம் தன்கிட்ட இருக்கிற பிரதியோட ஒப்பிட்டு பாக்கும், ஒரு பிட் மாறினாலும் அங்கயே நின்னுடும். அதனால தான் காண்டாக்ட் அழுக்கா இருந்தா கறுப்பு கட்டம் மட்டும் இறங்கி நிக்குது. லோகோவுக்கு அப்புறம் 014டில ஹெடர் செக்சம் (ரோம் தொடக்கத்துல இருக்கிற தகவல் சரியான்னு பாக்குற எண்), அதுவும் தப்பா இருந்தா ஓடாது. ஆர்ஜிபிடிஎஸ்ல இருக்கிற ஆர்ஜிபிஃபிக்ஸ் ரெண்டையும் சரியா போட்டு குடுத்துடும். கலர் மெஷின்ல லோகோவோட முதல் பாதிய மட்டும் தான் சரிபாக்குது.

இந்த பூட் ரோம வெளிய எடுத்ததே தனி கதை. சிபியூ உள்ளயே இருக்கு, கேம் ஆரம்பிச்சதும் தன்னை மறைச்சுக்கும், சாஃப்ட்வேர்ல படிக்க வழியே இல்ல. 2003ல நெவிக்ஸ்டிங்கிற பேர்ல ஒருத்தர் சிப்போட மேல் மூடிய கரைச்சு எடுத்துட்டு மைக்ரோஸ்கோப்புல 256 பைட்டையும் பிட் பிட்டா கண்ணால பாத்து எழுதினார்.

சட்டம் பத்தி: அமெரிக்காவுல 1992ல சேகாவுக்கும் அக்கோலேடுங்கிற கேம் கம்பெனிக்கும் நடந்த வழக்குல, கன்சோல் ஓடுறதுக்கு அந்த அடையாளம் தேவைன்னு கன்சோல்காரங்களே வச்சிருக்கும்போது, அதனால வர்ற குழப்பத்துக்கு அக்கோலேட குத்தம் சொல்ல முடியாதுங்கிற பக்கம் தான் அப்பீல் கோர்ட் நின்னுச்சு. அது சேகா ஜெனிசிஸ் பத்தின வழக்கு, அந்த நாட்டு தீர்ப்பு. ஹெடர்ல அந்த 48 பைட்டோட நிறுத்திக்கோங்க, டப்பா மேல, ஸ்டிக்கர் மேல அவங்க லோகோவ போடவே போடாதீங்க.

#15 டைல்தச்சன்

எனக்கு வேற ஒரு பைத்தியம். இந்த மெஷின்ல தமிழ்ல வசனம் வரணும். யாராச்சும் முயற்சி பண்ணீங்களா? 8க்கு 8 டைல்ல ஞ, ழ எல்லாம் பிசுபிசுன்னு ஆயிடுது, படிக்கவே முடியல.

#16 மஞ்சரி8பிட்

8 பிக்சல் உயரத்துல தமிழ் நிக்காது, 16 உயரம் குடுத்துடுங்க. ஃபான்ட் அளவு பத்தி பயப்படாதீங்க, 247 எழுத்தையும் தனித்தனியா வரைய வேணாம். உயிர் 12, ஆய்தம் 1, அகரமேறிய மெய் 18, புள்ளி வச்ச மெய் 18, இகர ஈகாரம் 36, உகர ஊகாரம் 36, அப்புறம் கால், ஒத்தை கொம்பு, ரெட்டை கொம்பு, ஐகாரக் கொம்புன்னு 4. கூட்டுனா 125. ஔகாரத்துக்கு வர்ற அந்த பின்குறிக்கு ள படத்தையே போட்டுக்கலாம். 16க்கு 16 கட்டம், ஒரு பிட் ஆழம்னா ஒரு எழுத்துக்கு 32 பைட், மொத்தம் 4000 பைட். 32 கேபி ரோம்லயே அடங்கிடும். கிரந்தம் வேணும்னா கொஞ்சம் கூடும்.

அகலம் தான் வேலை வாங்கும். ர ஒல்லி, ணூ ரொம்ப அகலம், எல்லாத்துக்கும் ஒரே அகலம் குடுத்தா வார்த்தையெல்லாம் பல்லு விழுந்த மாதிரி இடைவெளியோட நிக்கும். அதனால ஒவ்வொரு எழுத்துக்கும் அகல டேபிள் வச்சுட்டு, ஒர்க் ரேம்ல ஒரு பஃபர்ல பிக்சல் பிக்சலா நகர்த்தி ஒட்டி, நிரம்பின டைல மட்டும் விபிளாங்க்ல அனுப்புங்க. 18 டைல் அகலத்துல ரெண்டு வரி வசனம்னா 72 டைல் ஒதுக்கணும், மொத்தம் இருக்கிறது 384, தாராளமா தாங்கும். ஒரு எழுத்து அதிகபட்சம் 3 டைல் அகலம், 2 டைல் உயரத்த தொடும், ஆக 6 டைல். மேல நான் சொன்ன வேகமான லூப்ல ஒரே ஃப்ரேம்ல போயிடும், வசனம் எழுத்தெழுத்தா வர்ற அழகும் தானா கிடைச்சுடும்.

#17 டைல்தச்சன்

அக்கா இது பொக்கிஷம். ஆனா யூனிகோட்ல "கெ"ன்னு எழுதுனா க முதல்ல, கொம்பு பின்னாடி தானே இருக்கு? அதை மெஷின்ல முன்னாடி மாத்துறதுக்கு கோடு எழுதணுமா?

#18 மஞ்சரி8பிட்

மெஷின் பக்கம் எதுவும் பண்ணாதீங்க. பில்ட் பண்ணும்போதே கம்ப்யூட்டர்ல ஒரு பைத்தான் ஸ்கிரிப்ட் வச்சு வசனத்த படிச்சு, கொம்ப முன்னாடி தள்ளி, "கொ"வ கொம்பு, க, கால்னு மூணா பிரிச்சு, 125 படத்துல எந்த நம்பரோ அந்த பைட்டா மாத்தி அசெம்பிளி ஃபைல்ல போட்டுடுங்க. கேம் பாய் வரிசையா நம்பர் படிச்சு படத்த ஒட்டுறதோட சரி. வரி உடைக்கிறதையும் அங்கயே பண்ணிடலாம், அகல டேபிள் கையில இருக்கே.

#19 பச்சைத்திரை

அருமை, என் கேமுக்கும் இதை எடுத்துக்கிறேன். கடைசியா ஒரு சந்தேகம், ரோசின்புகை அண்ணாவுக்கு. ஹைஸ்கோர் சேவ் ஆகணும்னா போர்டுல என்ன சேக்கணும்? பேட்டரி போட விருப்பம் இல்ல.

#20 ரோசின்புகை

எஃப்எம்18டபிள்யூ08 எஃப்ரேம் (பவர் போனாலும் அழியாத ரேம்) போடுங்க, 32 கேபி, 5 வோல்ட் தாங்கும், பேட்டரியே வேணாம். ரேம் ஏரியா ஏ000 முதல் பிஎஃப்எஃப்எஃப் வரைக்கும், 8 கேபி தெரியும், அதனால மேல் ரெண்டு அட்ரஸ் பின் கிரவுண்டுக்கு. ஒரு விஷயம், இந்த சிப் சிஇ இறங்குற நொடியில தான் அட்ரஸ பிடிச்சுக்கும், சாதா எஸ்ரேம் மாதிரி சிஇய தாழ்வாவே வச்சுட்டு அட்ரஸ மட்டும் மாத்திட்டு இருந்தா பழைய இடத்தையே படிக்கும். ஒவ்வொரு ஆக்சஸுக்கும் சிஇ ஏறி இறங்குற மாதிரி சர்க்யூட் இருக்கணும். கார்ட்ரிஜோட சிஎஸ் (ரேம தேர்ந்தெடுக்கிற) லைன் ஒர்க் ரேம் ஏரியாவுக்கும் சேத்து இறங்கும், அதனால அதை மட்டும் நம்பாம ஏ14 தாழ்வா இருக்கான்னும் ஒரு கேட் வச்சு பாருங்க, இல்லன்னா சி000ல வேரியபிள் எழுதும்போதெல்லாம் சேவ் மேலயே எழுதி வைக்கும்.

இன்னொண்ணு, எம்பிசி இருக்கிற கார்ட்ல 0000 ஏரியாவுல 0ஏ எழுதுனா தான் ரேம் திறக்கும், வேலை முடிஞ்சதும் 00 எழுதி மூடிடலாம், பவர் ஆஃப் ஆகும்போது சிபியூ தடுமாறி எதையாச்சும் எழுதினாலும் சேவ் பத்திரமா இருக்கும். உங்க போர்டுல எம்பிசி இல்ல, அந்த பூட்டும் இல்ல. அதனால ஸ்கோர ரெண்டு இடத்துல செக்சம் போட்டு எழுதுங்க, ஆன் பண்ணும்போது எது சரியா இருக்கோ அதை எடுங்க. ஹெடர்ல 0147ல ரேம், பேட்டரி உள்ள கார்ட் வகைன்னு 09 போடுங்க, 0149ல 02, அப்ப தான் எமுலேட்டரும் சேவ் ஃபைல் உண்டாக்கும். சர்க்யூட் வரைஞ்சதும் ஆர்டர் போடுறதுக்கு முன்னாடி படத்த இங்க போடுங்க, சிஇ லைன ஒரு தடவ சேந்து பாத்துடலாம்.